பல் டாக்டரின் கேள்வி

வேட்பாளரின் மனைவிக்கு வீட்டில் எதிர்க்கட்சி என்றுதான் பெயர். அவர் எதைச் சொன்னாலும் ஓர் ‘ஆனா’ போடாமல் விடமாட்டாள் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவருடைய புகார். அதனால் தொலைக்காட்சி விவாதத்துக்கு ஒத்திகை பார்க்க ஆள் தேவைப்பட்டபோது, பிரசாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த கொழுந்தன் வெளியே எங்கும் அலையவில்லை. “அண்ணி, நீங்கதான் பல் டாக்டர்” என்று சொல்லிவிட்டான்.

எதிர்த்து நின்றவர் பல் டாக்டர். மேடையிலும் அவருக்கு அந்த ‘வலிக்காது, வாயைத் திறங்க’ குரல்தான். அவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அந்தக் குரலில் பேச ஆரம்பித்ததும், கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வேட்பாளரே சிரித்துவிட்டார்.

சாப்பாட்டு மேசைதான் மேடை. உள்நாட்டுக் கொள்கையில் அவரை அசைக்க முடியாது. வரியைக் குறைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கண்டிப்பு வேண்டும். பெற்றவர்களைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும், அரசாங்கத்தின் தலையில் கட்டக் கூடாது. குடும்பம்தான் நாட்டுக்கு அஸ்திவாரம். ஓட்டுக்காகப் பேசுகிற பேச்சில்லை இது. படுக்கையில் கிடந்த அப்பாவைக் கடைசிவரை அவரே குளிப்பாட்டியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

வெளிநாட்டுக் கொள்கை என்றால் பக்கத்து நாடு. எல்லையில் நம் பிள்ளைகளைக் கொன்றவர்கள் மன்னிப்புக் கேட்கும்வரை பேச்சு இல்லை, வியாபாரம் இல்லை. அவருடைய ஆட்சி மூடிய எல்லை மூடியதுதான். அதிலும் அவர் பிடித்த பிடியை விடமாட்டார்.

அந்தப் பக்கத்து நாட்டில்தான் அவர்களுடைய ஒரே மகள் இருந்தாள். படிக்கப் போன இடத்தில் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது மாசமாக இருக்கிறாள். கால் வீங்குகிறது என்று போனில் சொல்வாள். அந்தக் காலை மடியில் தூக்கி வைத்து அமுக்கிவிட அம்மாவின் கை துடிக்கும். பிரசவ வலி எடுக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. துணி மடிக்கும்போது, அடுப்பை அணைக்கும்போது என்று எந்நேரமும் அது நெஞ்சை அடைத்துக்கொண்டு நின்றது. ஆனால் கொள்கைக்காகவே வாழ்கிற மனிதரிடம் எனக்கு மட்டும் கதவைத் திறங்கள் என்று கேட்க நாக்கு எழவில்லை.

ஒத்திகையில்தான் வழி கிடைத்தது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு, பல் டாக்டரின் குரலில் கேட்டாள்: “குடும்பம்தான் அஸ்திவாரம்னு சொல்றீங்க. அப்புறம் அம்மாவை இந்தப் பக்கமும் மகளை அந்தப் பக்கமும் நிறுத்தி வைக்கிறீங்களே, அது எந்த ஊர் நியாயம்?”

வேட்பாளர் தண்ணீரை எடுத்தார். குடித்தார். “நாடுன்னு வந்தா...” என்று இழுத்தார். இளகுகிறார் என்று அவளுக்கு உள்ளே குதூகலம். மறுநாளும் அதையே கேட்டாள், அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் பதில் கொஞ்சம் கூர்மையாயிற்று. கத்தியைத் தீட்டிக்கொடுப்பது தான்தான் என்று அந்த அப்பாவிக்கு உறைக்கவில்லை.

விவாதம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் வீட்டிலிருந்தே பார்த்தாள். அங்கே மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். இவள் கேட்டதைவிடச் சுமாராகத்தான் கேட்டார்.

“எங்க வீட்டுலயும் ஒரு அம்மா இருக்கா” என்று ஆரம்பித்தார் வேட்பாளர். “அவ பொண்ணு அந்தப் பக்கம் மாசமா இருக்கா. பக்கத்துல இருக்கணும்னு அவளுக்கு ஆசை இருக்காதா? ஆனா எனக்காகக் கதவைத் திறங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அவளால தாங்க முடியுதுன்னா நம்மால முடியாதா?”

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

போன் அடித்தது.

“அம்மா, நீ கேக்கவே இல்லியா?”

“கேட்டேன்டி. தினமும் கேட்டேன்.”

“அப்பா பொய் சொல்ல மாட்டாரும்மா.”

கண்ணாடியையும் பல் டாக்டரையும் பற்றி மகளிடம் எங்கிருந்து சொல்லத் தொடங்குவது? “கால் வீக்கம் எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டாள். மகள் போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவர் முகமெல்லாம் பூரிப்பாக வந்தார். “என்ன எதிர்க்கட்சி, எப்படி?”

அவள் நேரே போய் நின்றாள். “ஏங்க, எனக்கு என் பொண்ணுகிட்ட போகணும். அவ வலியில கத்தும்போது நான் அங்க இருக்கணும். எனக்காகக் கேக்கறேன்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்திலிருந்த பூரிப்பெல்லாம் வடிந்துபோயிற்று.

“இதை நேத்து கேட்டிருக்கக் கூடாதா?”

“அந்த மேசையில தினமும் கேட்டேனே!”

“அது பல் டாக்டர் கேட்டது. அந்த ஆளுக்குப் பதில் சொல்லித்தானே ஆகணும்? நீ கேப்பே, நீ கேப்பேன்னு நானும் காத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ கேட்டிருந்தா என்னால முடியாதுன்னு சொல்லியிருக்க முடியுமா? அவ எனக்கும் பொண்ணுதானே. இப்ப நாடு பூரா சொல்லிட்டு வந்துட்டேனே.”

அதற்குள் கொழுந்தன் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தான். “அண்ணி! நாளைக்கு மேடைக்கு நீங்களும் வந்தாகணும். அந்த அம்மாவைப் பாக்கணும், அந்த அம்மாவைப் பாக்கணும்னு எல்லாரும் கேக்கறாங்க!”