தூங்க மறுத்தவள்

அவளுக்குக் குட்டி என்று பெயர். பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி அழைக்க வீட்டில் எவருக்கும் நா எழவில்லை. நாற்பத்தாறு வயதிலும் குட்டிதான். ஜன்னல் திரை தைப்பது அவள் தொழில். அடுப்பை அணைப்பாள், அணைத்ததைத் தொட்டுப் பார்ப்பாள், தொட்டதை நம்பாமல் பாதி வழியிலிருந்து திரும்பி வருவாள். சில வாரங்கள் ஓயாமல் தைத்துத் தள்ளுவாள். சில வாரங்கள் தையல் இயந்திரத்தின் உறையையே கழற்ற மாட்டாள்.

இப்போது அண்ணனுடைய சீருடைச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பேருந்து ஓட்டுநரான அவர் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவருக்கு அணிவிக்க எடுத்த சட்டையில் கழுத்துப் பித்தான் இல்லை. மருந்துகள் தந்த நடுக்கத்தால் குட்டிக்கு ஊசியில் நூல் கோக்க இயலவில்லை. அண்ணிதான் கோத்துக் கொடுத்தாள். அண்ணனுக்கு நன்றி என்று குட்டி வாய்விட்டுச் சொன்னதே இல்லை. நூலை இன்னும் ஒருமுறை சுற்றினாள்.

அக்கா ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் மாத்திரையுமாக வந்து நின்றாள்.

“இதப் போட்டுக்கடி. உள்ள போய்ப் படு.”

“என் மாத்திரையெல்லாம் காலையிலேயே போட்டுட்டேன் அக்கா.”

“இது தூங்கறதுக்கு. தம்பிய எடுத்துட்டுப் போக வண்டி வந்துரும். நீ எதையும் பாக்க வேணாம்.”

குட்டியின் கை நின்றது. அம்மா இறந்த அன்றும் அக்கா இதே பரிவோடுதான் தண்ணீர் கொண்டுவந்தாள். கண் விழித்தபோது கூடம் கழுவப்பட்டிருந்தது. நாற்காலிகள் எல்லாம் பழைய இடத்திற்குப் போயிருந்தன. அம்மாவுக்கு விடை கொடுக்காத பிள்ளை அவள் ஒருத்திதான். அண்ணனையும் அவ்வாறே தவறவிட்டால்? நினைக்கும்போதே நடுக்கம் கூடியது.

“பாரு, இப்பவே ஆரம்பிச்சுடுச்சு.”

“கை எப்பவும் ஆடும். நீ எப்பவாவது வர்றே, உனக்குப் புதுசா இருக்கு.”

“கையோட சேந்து வாயும் நல்லாத்தான் ஆடுது,” என்ற அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். “பயமா இருக்கு குட்டி. தம்பியும் போயிட்டான். உன்னையும் ஆஸ்பத்திரியில விடற மாதிரி ஆயிட்டா?”

அண்ணி எழுந்து வந்து குட்டியின் அருகே அமர்ந்தாள்.

“இன்னிக்கு யாரு வந்திருக்கா?” என்று கேட்டாள்.

அது அண்ணனுடைய கேள்வி. குட்டியின் நோய்களுக்கு மருத்துவர் சொன்ன மூன்று பெயர்களும் அவர் நாவில் நிற்கவில்லை. ஆகவே அந்த நோய்களை, அழைக்காமலே வந்து தங்கும் உறவினராக்கிவிட்டார்: தூங்கவிடாத மச்சினி, போர்வையை விட்டு எழாத பெரியப்பா, அடுப்பைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் மாமா. பணிக்குப் போகுமுன் எட்டிப் பார்த்துக் கேட்பார். “பெரியப்பா” என்று அவள் சொன்னால் உபதேசம் செய்யமாட்டார். திரை கேட்டு வருவோருக்குத் தாமே சமாதானம் சொல்லிவிட்டு, மருத்துவரிடம் அழைத்துப் போவார். எத்தனையோ ஆண்டுகள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

குட்டி தன்னுள் தேடிப் பார்த்தாள். நெஞ்சு கனத்தது, ஆனால் அது அவளுக்குப் பழகிய கனம் அன்று. கண்ணீர் வந்தது, எல்லோருக்கும் வருவது போல.

“யாரும் வரல அண்ணி. அண்ணன் செத்துட்டாரு. அதுக்குத்தான் அழறேன்.”

அக்கா மாத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டாள். தண்ணீரைத் தானே குடித்தாள்.

குட்டி முடிச்சிட்டு நூலைக் கடித்து அறுத்தாள். சட்டையை அண்ணியிடம் நீட்டினாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் ஓசை கேட்டது.

“ராத்திரி மாத்திரைய நேரத்துக்குப் போட்டுக்கறேன் அக்கா. தாங்கலேன்னா நானே சொல்றேன், டாக்டர்கிட்ட போலாம்,” என்றாள். “இப்ப அண்ணன்கூட வண்டியில நான் வரேன்.”