கேரியர் விஷயம்

வேலூரில் பத்து நாள் பயிற்சி கொடுத்து என்னைக் கேரியர் டீச்சர் ஆக்கி அனுப்பினார்கள். எண்பத்தொன்றாம் வருஷம் அது. மேற்படிப்பு, வேலை, மனக்கஷ்டம் என்று பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு எது வந்தாலும் ஆலோசனை சொல்ல வேண்டியது ஜோதியம்மாளாகிய நான்தான். தையல் அறையை நடுவில் தடுத்து எனக்கு ஒரு மேஜை போட்டு, கதவில் ‘கேரியர் டீச்சர்’ என்று பெயிண்டில் எழுதினார்கள். மறுநாளே பியூன் சடையன் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கேரியர்களையெல்லாம் கொண்டுவந்து என் மேஜைமேல் அடுக்கிவிட்டான். அவனைத் திட்டினேனே தவிர எனக்குப் புத்தி வரவில்லை.

பத்தாம் வகுப்பு கஸ்தூரி விஞ்ஞானத்தில் தொண்ணூறுக்குக் குறைய மாட்டாள். பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. அவள் அப்பா தருமன் அடி அண்ணாமலை கிராமத்தில் விவசாயம் செய்கிறவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடம் கொடுக்கச் சொல்லி அவள் கையில் ஒரு சீட்டைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். ‘தங்கள் மகளின் கேரியர் விஷயமாக அவசரமாகப் பேச வேண்டும். நேரில் வரவும்.’ எழுதிவிட்டு இரண்டு முறை படித்து ரசித்தேன் வேறு.

திங்கட்கிழமை அப்பாவும் வரவில்லை, பெண்ணும் வரவில்லை. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை பாடம் நடத்தும்போதே நாலு தரம் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். காய்ச்சலோ என்னவோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை, அவளோடு ஒரே பஸ்ஸில் வருகிற நசீமாவைப் பிடித்து உலுக்கினேன்.

“கஸ்தூரிய இனிமே அனுப்ப மாட்டாங்களாம் டீச்சர். அவங்க மாமனுக்குக் கட்டிக் குடுக்கப் போறாங்க. இங்கேர்ந்து ஏதோ சீட்டு வந்துச்சாமே?”

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அந்தப் பாழாய்ப்போன பஸ் அன்றைக்கென்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் படுத்துக்கொண்டது.

தருமன் என்னைக் கைகூப்பி வரவேற்றார். “வாங்க டீச்சர். நீங்க எழுதலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“எதுங்க?”

“எவன் சைக்கிள் கேரியர்ல இவ உக்காந்து போனான்னுதான். மொதல்ல இல்லவே இல்லன்னா. நாலு போட்டதும் சொல்லிட்டா. கார்த்திகை மாச மழையில பஸ்ஸ விட்டுட்டு, பால்காரர் பையன் வேணுவோட வந்தாளாம்.”

அட கடவுளே! ‘எதிர்காலம்’ என்று தமிழில் எழுத எனக்கென்ன கை முறிந்தா போயிற்று?

“ஐயோ, அந்தக் கேரியர் இல்லீங்க! படிச்சு முடிச்சிட்டு எந்த வேலைக்குப் போறதுன்னு அர்த்தம். நர்ஸ் டிரெய்னிங்ல சேக்கலாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சரிங்க, நீங்க எழுதினது வேற. ஆனா அவ போனது நெசந்தானே?”

கதவுக்குப் பின்னால் கஸ்தூரி நின்றிருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பொய் சொன்னது.

“நான்தாங்க ஏத்தி அனுப்பினேன். அன்னிக்கு அவளுக்கு ஒடம்பு நெருப்பாக் கொதிச்சுது. பஸ்ஸும் போயிடுச்சு. அந்த வழியா வந்த பையன நிறுத்தி, கொண்டுபோய் விடுடான்னு சொன்னதே நான்தான். அவ்வளவு அடி வாங்கியும் என்னைக் காட்டிக் குடுக்காம இருந்திருக்கா.”

தருமன் பிடித்துக்கொண்டார். “படிச்ச பொம்பள செய்யிற வேலையா இது? உங்க ஊட்டுப் பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?” தெருவே கேட்கும்படி பேசினார். தலைமையாசிரியை இதில் பாதி பேசியிருந்தாலும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு எல்லாவற்றையும் வாயை மூடி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் கஸ்தூரியின் அம்மா ரேணுகாம்பாள்தான் குறுக்கே வந்தாள். “தப்பு டீச்சரம்மாவுது. பொண்ண இன்னாத்துக்கு ஊட்ல ஒக்கார வெக்கிற? பரீட்சைய எழுதட்டும்.”

“பரீட்சை மட்டுந்தான். அப்பறம் பாத்துக்கலாம்” என்றார் தருமன். எனக்கு அது போதும். போன உயிர் திரும்பி வந்தது.

கஸ்தூரி என்னோடு பஸ் நிறுத்தம்வரை வந்தாள். சந்தோஷத்தில் நான் வாய் ஓயாமல் பேசினேன். “நாளைக்கே வந்துடு. நர்ஸ் டிரெய்னிங் பாரம் வாங்கி வெச்சிருக்கேன். உங்கப்பாவ நான் பாத்துக்கறேன்.”

“எனக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வந்துடும் டீச்சர்.”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடி?”

“நீங்க கேக்கலியே டீச்சர். எங்கப்பாவுக்குத்தானே எழுதினீங்க.”

பஸ் வந்து நின்றது. நடத்துனர் ‘ஏறும்மா, ஏறு’ என்றார். நான் ஏறவில்லை. பஸ் போன பிறகு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அவளையும் உட்காரச் சொன்னேன்.

“சரி, இப்ப கேக்கறேன். உனக்கு இன்னாதான் ஆவணும்னு ஆசை? சொல்லு.”

அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

“சொன்னா அப்பாவுக்குச் சீட்டு எழுதுவீங்களா டீச்சர்?”