மூடினேன், அணைக்கவில்லை

மார்ச் 12, புதன்

இன்று செய்த சின்னத் தவறு: மாலை வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் லேப்டாப்பை அணைக்காமல் மூடி மட்டும் வைத்தேன்.

அதன் டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியவன் நான்தான். "கழற்றிக்கிட்டுப் போனாலும் ஒரு எழுத்து படிக்க முடியாதுக்கா" என்று மார்தட்டினேன். அதை நம்பித்தான் அக்கா தன் காயங்களின் படங்களையும், போலீஸ் புகாரின் வரைவையும், ஒளிந்திருக்கும் அறையின் முகவரியையும் என்னிடம் தந்தாள். அணைத்திருந்தால்தான் அந்தப் பூட்டு பூட்டு. மூடினால் லேப்டாப் தூங்குகிறது, சாவி உள்ளேயே கிடக்கிறது. எழுப்பும்போது பாஸ்வேர்டு கேட்பதையும் நானே நிறுத்தியிருந்தேன். வகுப்பில் பத்து நிமிடத்துக்கொரு தடவை இருபத்துநான்கு எழுத்து அடிக்கச் சலிப்பு.

ஐந்தரைக்கு, நான் வாசலைத் தாண்டும் முன்பே, அத்தான் கதவை உதைத்துக்கொண்டு வந்தார். (இவ்வளவுக்குப் பிறகும் 'அவர்' என்றுதான் எழுத வருகிறது.)

"என்ன மாப்பிள்ளை, படிப்பு பலமா இருக்கு போல? எங்கடா என் பொண்டாட்டி?"

"தெரியாது அத்தான்."

முதல் அடியிலேயே உதடு கிழிந்தது. என் ஃபோனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். இடது கையை மேசை டிராயருக்குள் திணித்து, இடுப்பால் இடித்து மூடினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"அந்த லேப்டாப்புக்குள்ளதானே வெச்சிருக்கே? பாஸ்வேர்டு சொல்லு."

"மாட்டேன்."

மறுபடியும் இடித்தார். சொல்லவில்லை. ஊசி போட்டாலே கண்ணை மூடுகிறவன் நான். வெறுத்துப்போய் லேப்டாப்பைத் தரையில் அடிக்கத் தூக்கினார். மூடி விலகியது. திரை ஒளிர்ந்தது. திறந்தபடி விட்டிருந்த புகாரின் முதல் வரியிலேயே முகவரி.

"அட கூமுட்டை! இதுக்கா விரலை உடைச்சுக்கிட்டே?" சிரித்தார். லேப்டாப்பைக் கட்டிலில் எறிந்து, என் விலாவில் ஓர் உதையும் விட்டுப் போனார்.

அதே வரைவில் அக்காவின் எண்ணும் இருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் ஃபோனில் கூப்பிட்டேன்.

"அக்கா, செருப்புகூடத் தேடாதே. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு இறங்கு."

"எப்படிடா தெரிஞ்சுது அவருக்கு?"

"என்னாலதான். அப்புறம் திட்டு."

அவள் பஸ் ஏறி இருபது நிமிடத்தில் அவர் அந்த அறைக் கதவைக் கோடாரியால் பிளந்திருக்கிறார். உள்ளே யாருமில்லை என்றதும் தொட்டிலை வெட்டியிருக்கிறார். அங்கே எதிர்வீட்டுக்காரர் படம் பிடித்து அக்காவின் ஃபோனுக்கு அனுப்பினார். என் கைக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியின் பெஞ்சில் அதைப் பார்த்துவிட்டு அக்கா பாப்பாவை இறுக்கிக்கொண்டாள்.

"நீ வாயைத் திறக்கலையே, அது போதும்டா" என்கிறாள். போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நாளை: ஒன்பது மணிக்கு அக்காவுடன் காவல் நிலையம் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். எக்ஸ்ரே, தொட்டிலின் படம் இரண்டும் கையில் இருக்க வேண்டும்.