சந்தானம் வீட்டுச் சுவரில் ஓடிய படம்

பொம்மனஹள்ளியில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கார்மெண்ட்ஸ் ஒன்றில் ஜெயராமனுக்கு ஷேட் பார்க்கும் வேலை. எல்லாம் ஒரே நீலம் என்று சொல்லி மில்லிலிருந்து துணிச் சுருள்கள் வந்து இறங்கும். அதில் எது லேசாக மங்கியிருக்கிறது, எதில் சிவப்பு ஏறியிருக்கிறது என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் ஒதுக்கிய துணியைப் பற்றி மேனேஜர்கூட மறுத்துப் பேசியதில்லை. தன் கண்ணைப் பற்றி அவனுக்கு அப்படியொரு கர்வம்.

2006ஆம் வருடம் தீபாவளி கழிந்த சில நாட்களில், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த சந்தானம் ஒரு புரொஜெக்டர் வாங்கினான். எலக்ட்ரானிக் சிட்டியில் அவன் ஸ்டோர்ஸ் பார்த்த கம்பெனி, மீட்டிங் அறையில் ஓடித் தேய்ந்த பழைய மெஷின்களை வேலை செய்கிறவர்களுக்கே விற்றுவிட்டது. அதில் ஒன்றை அவன் தூக்கிக்கொண்டு வந்தான். ஹால் சுவரில் ஆள் உயரத்துக்குப் படம் விழுந்தது. தெருவே போய்ப் பார்த்தது. ஜெயராமனின் மனைவி மரகதமும் மகள் அனுஷாவும் முதல் ஆட்களாகப் போனார்கள்.

சந்தானம் மரகதத்துக்கு அத்தை மகன். கிருஷ்ணகிரிப் பக்கம் அவர்கள் ஊரில், இவளுக்கு அவன்தான் என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. ஜாதகம் சேரவில்லையென்று விட்டுவிட்டார்கள். பிறகு உறவு எதுவும் இல்லாத ஜெயராமனுக்குக் கொடுத்தார்கள். சந்தானம் வனஜாவைக் கட்டினான். எல்லாம் முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் மரகதம் சந்தானத்தை வாய் நிறைய "மாமா" என்று கூப்பிடுவாள். புருஷனைக் கூப்பிட அவளுக்கு "என்னாங்க" மட்டும்தான். இதை ஜெயராமன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவனும் போய்ப் பார்த்தான். படம் பெரிதுதான். ஆனால் கறுப்பு கறுப்பாகவே இல்லை. பத்துத் தடவை துவைத்த பேண்ட் மாதிரி வெளுத்திருந்தது. கிட்டே போனால் படத்தின் மேல் கொசுவலை போட்டது போல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

"என்னாண்ணா, எப்படி?" என்றான் சந்தானம், கைகளைத் தேய்த்துக்கொண்டு.

"பரவால்ல. கறுப்புதான் கொஞ்சம் அடிவாங்குது."

"உன் கண்ணுக்கு எதுதான் பாஸாகும்!" என்று சந்தானம் சிரித்தான். வனஜா சிரித்தாள். மரகதமும் சேர்ந்து சிரித்ததுதான் ஜெயராமனின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

அடுத்த வாரமே, எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் மஞ்சுநாத் என்பவரின் கடை வாசலில் அவன் நின்றான். புது பைக்குக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் அடங்குகிற மாதிரி ஒரு புரொஜெக்டர் வேண்டும். ஒரே நிபந்தனை, கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும்.

மஞ்சுநாத் கடையின் பின்னறையை இருட்டாக்கி இரண்டு மெஷின்களை அடுத்தடுத்து ஓட்டினார். "நோடி சார், பாருங்க, இது மூணு கலரையும் ஒண்ணா சேர்த்து அனுப்பும். கண்ணுக்குச் சொகம், கறுப்பு கொஞ்சம் கம்மி. அதுக்குள்ள ஒரு கலர் சக்கரம் சுத்துது. செவப்பு, பச்சை, நீலம்னு ஒண்ணு பின்னால ஒண்ணா வரும். அத்தன வேகமா வர்றதால நம்ம கண்ணு சேர்த்துக்கும். கறுப்பு நல்லா நிக்கும். உங்க பட்ஜெட்டுக்கு அந்தச் சக்கர மெஷின்தான் பெஸ்ட்டு. ஆனா வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வந்து ஒருதரம் பார்த்துட்டா நல்லது. சில பேருக்குச் சக்கர மெஷின் ஒத்துக்காது."

கடைசி இரண்டு வாக்கியங்கள் ஜெயராமன் காதில் விழவே இல்லை. அவன் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரி வானம் ராத்திரி வானமாகவே இருந்தது. சந்தானம் அதன் முன்னால் வாயடைத்து நிற்பதை இப்போதே கண்ணால் கண்டான்.

மெஷின் வீட்டுக்கு வந்த அன்று மரகதம் பால் பாயசம் வைத்தாள். ஞாயிறு மத்தியானம், ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு, மூவரும் உட்கார்ந்து ஒரு படம் போட்டார்கள். கால்மணி நேரம் போயிருக்கும். மரகதம் கண்ணைக் கசக்கினாள்.

"என்னாங்க, ஓரத்துலயெல்லாம் கலர் கலரா தெறிக்குதே. உங்களுக்குத் தெரியல?"

"எங்க?"

"அதோ, எழுத்து ஓடுச்சே, அப்போ. வானவில்லு மாதிரி பளிச்சுனு."

ஜெயராமன் உற்றுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அனுஷாவைக் கேட்டான், அவளும் தெரியவில்லை என்றாள். "ஒண்ணுமில்ல. புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்றான். இடைவேளைக்கு முன்பே மரகதம் தலைவலி என்று எழுந்து போய்ப் படுத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு அவள் கையில் முறத்தோடு கிளம்பினாள். அவரைக்காய்ப் பருவம், வனஜாவும் அவளும் சேர்ந்து கொட்டை உரிப்பதாகப் பேச்சு. சந்தானம் வீட்டில் முழுப் படமும் பார்த்துவிட்டு, தலைவலி எதுவும் இல்லாமல், கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி திரும்பி வந்தாள்.

தன் வீட்டுப் படத்தில்தான் ஏதோ குறை என்று ஜெயராமன் முதலில் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்று முனை உள்ள நல்ல வயர் வாங்கி மாட்டினான். முகங்களில் பூசினாற்போல் இருந்த மங்கல் போயிற்று. ரிஜெக்ட் துணி விற்கும் சந்தில் தடித்த கறுப்புத் துணி வாங்கி ஜன்னலுக்கெல்லாம் இரட்டைத் திரை தைத்தான். ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்த புழுதி வீட்டுக்குள் வரும். மெஷினின் காற்று வலையை வாராவாரம் கழற்றித் தட்டினான். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தை அறை முழுக்க வாரி இறைக்கிறது என்று, வெள்ளையில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, தனக்குப் பிடித்த சாம்பல் வரும்வரை கலக்கி, சுவருக்கு இரண்டு பூச்சு அடித்தான். எல்லாம் முடிந்தபின் படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. கார்மெண்ட்ஸிலிருந்து வந்த நண்பர்கள் தியேட்டரே தோற்றது என்றார்கள்.

மரகதம் மட்டும் பத்து நிமிஷம் உட்காருவாள், நெற்றிப்பொட்டை அழுத்துவாள், எழுந்துவிடுவாள். ஞாயிறானால் வனஜா வீடு.

எத்தனையோ ஷேட் பிரிக்கிற தன் கண்ணுக்குத் தெரியாத கலர் இவள் கண்ணுக்கு மட்டும் தெரியுமா? ஜெயராமனுக்கு வேறு அர்த்தம் தோன்ற ஆரம்பித்தது. தலைவலி என்பது சாக்கு. அவளுக்கு வேண்டியது படம் இல்லை. ஷிப்டில் துணியைப் புரட்டும்போதும் இதே நினைப்பு புரண்டது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு அவனால் வீட்டில் இருக்க முடியவில்லை. சொல்லாமல் சந்தானம் வீட்டு வாசலில் போய் நின்றான். உள்ளே வெளுத்துப்போன படம் ஓடிக்கொண்டிருந்தது. மரகதமும் வனஜாவும் தரையில் அவரைக்காய்க் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சந்தானம் அந்தப் பக்கமே இல்லை, கொல்லையில் பைக் கழுவிக்கொண்டிருந்தான். "மாமா, சீக்கிரம் வாங்க, நீங்க சொன்ன சீன் வருது!" என்று மரகதம் குரல் கொடுத்தாள். அந்தக் குரலில் இருந்த குதூகலத்தை ஜெயராமன் தன் வீட்டில் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

"வீட்டுக்கு வா" என்றான். அவன் முகத்தைப் பார்த்து மரகதம் எழுந்து வந்தாள். படம் பார்த்துக்கொண்டிருந்த அனுஷாவும் பின்னால் வந்தாள். தங்கள் வீட்டு மாடிப்படி ஏறும்போது அவன் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"அவன் வீட்டுப் படம்னா மட்டும் கண்ணு வலிக்காது இல்ல? பேசி வச்ச மாதிரியே அவனையே கட்டியிருந்தா தினமும் உக்காந்து பாத்திருக்கலாம்."

மரகதம் படியில் நின்றாள். முறத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

அன்றிலிருந்து அவள் சந்தானம் வீட்டுப் பக்கம் போகவில்லை. சமையல் நடந்தது, அனுஷா ஸ்கூலுக்குப் போனாள், கேட்டதற்குப் பதில் வந்தது. அடுத்த ஞாயிறு மத்தியானம் அவளே வந்து புரொஜெக்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "போடுங்க" என்றாள். இரண்டரை மணி நேரப் படம். அவள் ஒருமுறைகூடக் கண்ணை எடுக்கவில்லை. ஜெயராமன் பக்கவாட்டில் பார்த்தான். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அழுகையாக்கும் என்று நினைத்தான். படம் முடிந்ததும் அவள் பாத்ரூமுக்கு ஓடினாள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. நடிக்கிறாளோ என்று அப்போதும் ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்காக அவனுக்கே உடம்பு கூசியது.

மறுநாள் வேலை விட்டு வந்து, காற்று வலையைத் தட்டி மாட்டி, மெஷினை ஓடவிட்டுப் பார்த்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலேறின. முகத்துக்கு நேரே கொசு ஒன்று ரீங்கரித்தது. கையை வீசி விரட்டினான். விரட்டிய கை படத்தைக் குறுக்கே கடந்தபோது, ஒவ்வொரு விரலும் மூன்றாகப் பிரிந்து தெரிந்தது. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம்.

மறுபடி வீசினான். மறுபடி அதேதான். கையை இறக்கிவிட்டுத் தலையைச் சட்டென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். எழுத்தின் ஓரத்தில் ஒரு கணம் பளிச்சென்று ஒரு வானவில் தெறித்தது. மஞ்சுநாத் சொன்ன, ஒன்றன் பின் ஒன்றாக வருகிற கலர்கள். அவன் கண் அவற்றைச் சேர்த்துக்கொண்டது. அவள் கண் சேர்த்துக்கொள்ளவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

அடுக்களையில் மரகதம் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அனுஷா பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதினாள். ஜெயராமன் வாசலில் நின்று, "எனக்கும் தெரிஞ்சுது" என்றான்.

அவள் நிமிரவில்லை. "என்னா தெரிஞ்சுது?"

"நீ சொன்ன கலரு. உனக்கு எப்பப்ப தெரியுது?"

"எப்பவுந்தான். படத்துல இருட்டுல யாராச்சும் வெளக்கு புடிச்சிட்டு நடந்தா ரொம்ப ஜாஸ்தி. மொத நாளே சொன்னேன்."

"தப்புதான். நான் கவனிக்கல."

"அது மெஷின் பண்ண தப்பு. போவட்டும்." மாவை உருட்டி வைத்துவிட்டு அப்போதுதான் அவனைப் பார்த்தாள். "படியில சொன்னீங்களே, அது? அனுஷா கேட்டுட்டுதான் இருந்தா."

அனுஷாவின் பென்சில் நின்றது. மகள் முன்னால் தலை குனிவது இப்படி இருக்கும் என்று ஜெயராமனுக்குத் தெரிந்திருக்கவில்லை. "அப்பா அம்மாவ அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றான், மகளைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. மரகதம் சப்பாத்தி தேய்க்கத் திரும்பிக்கொண்டாள். ஆனால் அன்று தட்டில் சப்பாத்தி வைத்தபோது, "இன்னொண்ணு போடவா?" என்று கேட்டாள்.

மஞ்சுநாத் மெஷினைத் திருப்பி எடுத்தால் பாதி விலைக்குத்தான் எடுப்பார். வேறு வழி ஒன்று இருந்தது. இரண்டு நாள் அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. மூன்றாம் நாள் புரொஜெக்டரைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு சந்தானம் வீட்டுக்கே போனான்.

"மரகதம் கண்ணுக்கு இது ஒத்துக்கல. உன்னுது ஒத்துக்குது. மாத்திக்கலாமா?"

சந்தானம் புது மெஷினை ஓட்டிப் பார்த்தான். அவன் வீட்டு வெள்ளைச் சுவரில்கூடக் கறுப்பு கறுப்பாக நின்றது. வனஜாவையும் உட்காரவைத்துக் கேட்டான், இருவர் கண்ணுக்கும் எதுவும் தெறிக்கவில்லை. "அண்ணா, இத எனக்கா குடுக்குற? பழைய லொடக்க வாங்கிட்டு? மேல எவ்வளவு குடுக்கணும்னு சொல்லு."

"ஒண்ணும் வேணாம்" என்றான் ஜெயராமன். திரும்பி வரும் வழியெல்லாம் கையில் பழைய மெஷின் கனத்ததைவிட நெஞ்சில் அதிகம் கனத்தது. ஆசை ஆசையாகத் தேடி எடுத்த மெஷின், போயும் போயும் அவன் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வாரம் முழுக்கத் தெருவில் சந்தானம் வீட்டுப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. ஒவ்வொரு வார்த்தையும் அவனைச் சுட்டது.

சந்தானத்தின் பழைய மெஷின் சாம்பல் சுவரில், இரட்டைத் திரை போட்ட இருட்டில் படம் காட்டியது. கட்டங்கள் கண்ணுக்குப் பட்டன. ஆனால் மரகதம் முதல் காட்சியிலிருந்து கடைசி எழுத்துவரை காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். நடுவில் ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே ஜெயராமன் அரைப் படத்தைக் கோட்டைவிட்டான்.

அடுத்த ஞாயிறு மரகதமே சந்தானத்தையும் வனஜாவையும் வரச்சொல்லியிருந்தாள். வந்த பிறகுதான் ஜெயராமனுக்குத் தெரியும். படம் தொடங்கிய சில நிமிஷத்திலேயே சந்தானம் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனான். மெஷினைப் பார்த்தான், மறுபடி சுவரைப் பார்த்தான்.

"அண்ணா, இது என்னோட பழைய மெஷினா? எங்க வீட்டுல ஒருநாள்கூட இப்படிக் காட்டலையே! என்னா பண்ண?"

ஜெயராமனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. "வயர மாத்தினேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான். எல்லாவற்றையும் இவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? நல்ல மெஷின் அவனிடம் இருக்கட்டும், இந்த ஒன்றாவது தன்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தான்.

"செவுத்துக்கும் பெயிண்ட் அடிச்சாரு மாமா" என்றாள் மரகதம், வறுகடலையைக் கொறித்துக்கொண்டே. "அவரே கலந்தாரு. இந்தச் சாம்பலு எந்தக் கடையிலயும் கெடைக்காது. நாலு நாளு கலக்குனாரு."

"அப்படியா! எங்க வீட்டுக்கும் கலந்து குடேண்ணா."

ஜெயராமன் மரகதத்தைப் பார்த்தான். புருஷனைப் பற்றிச் சொன்ன பெருமை அவள் முகத்தில் அப்படியே இருந்தது. அவன் எதை மறைக்கப் பார்த்தான் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

"வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள சுவரத் தொடச்சு நல்லா காய வச்சிடு" என்றான் சந்தானத்திடம். "நானே வந்து அடிச்சுத் தரேன். உனக்கு விட்டா திட்டுத் திட்டா அடிச்சு வச்சிடுவ."