தொப்பூர் மண்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இண்டூரில் பால் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. கொடுத்தவர் "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க டீச்சர்" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் கதை எழுதுகிறவள் என்பது அவருக்குத் தெரியாது. (தெரிந்திருந்தால் பாலைக்கூடக் கொடுத்திருக்க மாட்டார்.) பெயர்களை மாற்றிவிட்டேன். அவரை நஞ்சப்பன் என்று வைத்துக்கொள்வோம். மனைவி பானுமதி.

2

முதல் தொடக்கம்: "அந்த ஐப்பசி மழையில் வானமே இடிந்து..."

வேண்டாம். இடிந்தது வானமல்ல, ஓமலூர்ப் பக்கம் அவர்கள் குடியிருந்த மண்சுவர் வீடு. அதே மாதம் குத்தகை நிலத்தையும் உடையவர் விற்றுவிட்டார். பானுமதியின் தம்பி இண்டூரில் ஒரு வீடும், சாமந்தி போட ஓர் ஏக்கரும் பார்த்துக் கொடுத்தார். நஞ்சப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, பானுமதி "முனியப்பன் எதையோ நெனச்சுத்தான் நம்மளக் கெளப்பறான்" என்று சொல்லிவிட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்கினார். ஒரே ஒரு நிபந்தனை. குலசாமி முனியப்பன் கோயிலில் பிடிமண் எடுத்துவந்து, புது இடத்தில் சாமியை வைத்த பிறகுதான் அடுப்பு மூட்டுவது. வழியில் அந்த மண்ணைத் தரையில் வைக்கவே கூடாது.

3

குட்டியானை வண்டியில் முன்னால் டிரைவரோடு பானுமதி. பின்னால் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே, மடியில் பிடிமண் இருந்த மஞ்சப்பையோடு நஞ்சப்பன். தொப்பூர் மேட்டில் ஒரு லாரி மறித்து நிற்க, வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன.

"அவசரம்ங்க டீச்சர். காலையில இருந்து அடக்கிக்கிட்டு வந்தேன். சாமியக் கையில வச்சுக்கிட்டு எப்படிங்க அந்த வேலையப் பண்றது? கீழயும் வைக்கக் கூடாது. முள்ளுச்செடி மேல மாட்டிட்டுச் சித்த தள்ளிப் போனேன். அதுக்குள்ள வண்டியெல்லாம் நகர ஆரம்பிச்சிருச்சு. டிரைவர் ஆரன் அடிக்கறான். ஓடிவந்து ஏறிட்டேன்."

பை முள்ளிலேயே தங்கிவிட்டது. அரை கிலோமீட்டர் தாண்டி வண்டி மறுபடி நின்றபோதுதான் மடி காலியாக இருப்பதைப் பார்த்தார். திரும்பி ஓடினால் மனைவிக்குத் தெரிந்துவிடும். குதித்து இறங்கி, சாலையோர மண்ணை இரண்டு கை அள்ளித் துண்டில் முடிந்துகொண்டார். இண்டூரில் "பை கிழிஞ்சு போச்சு" என்றார். பானுமதி வாங்கி வேப்பமரத்தடியில் கொட்டி, கல் நட்டு, கற்பூரம் காட்டி, பிறகு அடுப்பு மூட்டினார்.

4

நஞ்சப்பன் மீது எனக்குக் கோபம். அரை கிலோமீட்டர் நடந்தால் கால் தேய்ந்துவிடுமா? வாசகருக்கு அவரைப் பிடிக்க வேண்டுமே என்று "அவர் கண்களில் நீர் தளும்..." என்று எழுதி, பாதியில் விட்டேன். நீரெல்லாம் இல்லை. பயம்தான் இருந்தது. சாமந்தியில் ஓர் இலை சுருண்டாலும் அந்த மண்தான் காரணம் என்று மூன்று மாதமாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். பசுக்களில் ஒன்று ஒரு பகல் முழுக்கத் தவித்து, கடைசியில் நல்லபடியாகக் கன்று போட்ட அன்று, தாங்க முடியாமல் என்னிடம் கொட்டிவிட்டார்.

"அவளுக்குத் தெரிஞ்சா இந்த வூட்டுல ஒரு நாள் இருக்க மாட்டா டீச்சர். மறுபடி மூட்டை கட்டணும். எனக்குத் தெம்பு இல்லைங்க."

5

முடிவு அ: அவர் ஒப்புக்கொள்கிறார், அவள் அழுகிறாள். (தொலைக்காட்சியில் தினமும் வருகிறது.)

முடிவு ஆ: ஒரு லாரிக்காரர் அந்தப் பையை எடுத்து, வீடு தேடி வந்து... எந்த முகவரிக்கு?*

முடிவு இ-யை எழுத உட்கார்ந்தபோது பானுமதி வந்து கெடுத்துவிட்டார்.

* சேலம் போகும்போது பஸ் ஜன்னலில் பார்த்தேன். முள் நிறைய இருந்தது. பை இல்லை.

6

சீம்பால் கொண்டுவந்திருந்தார். சொம்பைக் கொடுத்துவிட்டு நின்றார்.

"அவரு உங்ககிட்ட ஏதோ சொன்னாருங்களா?"

"இல்லையே" என்றேன். எனக்குப் பொய் சரியாக வராது.

இடுப்பிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பொடிப்பொடியாகக் கண்ணாடிச் சில்லுகள்.

"ரோட்டோரத்துல ஒடஞ்சு கெடக்குமே, அந்த லாரிக் கண்ணாடிங்க. எங்க கோயில் மண்ணு செக்கச்செவேல்னு இருக்கும். கொட்டறப்பவே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் எப்படி அடுப்பு மூட்டுனீங்க?"

"திக்குனுதான் இருந்துச்சு. அப்பறம் யோசிச்சேன். வூட்டையே இடிச்சு எங்களக் கெளப்பி வுட்டவன், இங்க வர்றதுக்கு ஒரு மஞ்சப்பைய நம்பியா இருப்பான்? எங்களுக்கு முன்னாலயே வந்துட்டான் டீச்சர்."

"அவர்கிட்ட சொல்லிடலாமே, பாவம்."

"அய்ய, வேண்டாங்க. இருபத்தஞ்சு வருசமா ஒரு நாள் கையெடுத்துக் கும்பிடாத மனுசன். இப்ப தினம் காலையில அந்தக் கல்லு முன்னால விழுந்து கும்பிடறாரு. அது பாட்டுக்கு நடக்கட்டும்."

"சரி, இந்தச் சில்லுங்க எதுக்கு?"

"தண்ணி தெளிக்கத் தெளிக்க மேல வருதுங்க. அவரு எந்திரிக்கறதுக்கு முன்ன பொறுக்கிடுவேன். முழங்கால்ல குத்திடுங்களே."

7

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. சாமி விஷயத்தில் நான் அரைமனசுக்காரி. ஆனாலும் அன்று சீம்பாலைக் காய்ச்சும்போது சும்மா சிரித்துக்கொண்டே இருந்தேன். இனி அவர்கள் மூட்டை கட்ட வேண்டியதில்லை. அதை அவர்களில் ஒருவர் மட்டும் அறிந்திருக்கிறார்.

ஆக, இரண்டு பேரும் தனித்தனியே சொல்லாதே என்று சொன்ன கதை இது. சொல்லிவிட்டேன். நஞ்சப்பனிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று நான் எழுதப் போவதில்லை. இண்டூர்ப் பக்கம் வந்தால் நீங்களே முடிவு செய்யுங்கள்.

விடியற்காலையில் வந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பானுமதி பொறுக்கி முடிக்கட்டும். அப்புறம்தான் நஞ்சப்பன் வருவார்.