கஞ்சி நூல் கட்டிய வயர்கள்

மருதமுனை மீராமுகைதீன் முதலாளி, தன் நிழல் பின்னால் வந்தாலும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிற ஆள். எட்டுத் தறி போட்டுக் கைலிச் சாறன் நெய்விப்பவர். வியாபாரி நிறுத்துக் கொடுத்த நூலை வீட்டில் மறுபடி நிறுப்பார். சாறன் வாங்க வந்தவன் விரித்துக் காட்டச் சொன்னால், எதற்கு விரிக்கச் சொல்கிறான் என்று யோசிப்பார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் போடுவதற்கு முன் ஆற்றையும் அளந்து பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் யோசிக்காமல் வாங்கிய ஒரே பொருள் அந்தப் பச்சை ஸ்போர்ட்ஸ் கார். கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. வயது இருபதுக்கு மேல். கூரை கிடையாது, இருக்கை இரண்டே இரண்டு. ஒன்றில் முதலாளி இருப்பார், மற்றதில் சாறன் கட்டு இருக்கும். வாங்கிய நாளே, அதில் ஏற மாட்டேன் என்று மனைவி சபூறா சொல்லிவிட்டாள்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு, மாரி முடிந்த கையோடு கார் இருமத் தொடங்கியது. அதே வாரம்தான் மகள் ஹாஜறாவுக்கு மாப்பிள்ளைப் பேச்சும் வந்தது. இதில் வம்பு என்னவென்றால், காரைத் திருத்த வேண்டியவனும் மாப்பிள்ளையாக வர வேண்டியவனும் ஒரே ஆள். கல்முனையில் கராஜ் வைத்திருக்கும் சாய்ந்தமருது மக்கீன்.

பெண்ணைப் பெற்றவர் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டில் வந்து குடியிருக்க வேண்டும். அந்தக் கிழக்குக் கடற்கரையில் அதுதான் வழக்கம். ஆகவே முதலாளிக்கு மக்கீன் வெறும் மருமகன் இல்லை. தன் வீட்டு வளவுக்குள் தானே கொண்டுவந்து வைக்கப்போகும் ஆள். கதவுக்குப் பூட்டுப் போடலாம். மருமகனுக்கு எந்தப் பூட்டைப் போடுவது?

மக்கீன் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

"பிளக் வயர் நாலும் முடிஞ்சி மாமா. றப்பர் வெடிச்சிரிக்கி. புதுசு போட்டாத்தான் சரி."

மாமா! பேச்சுத் தொடங்கி மூன்று நாள் ஆகவில்லை, அதற்குள் மாமா. முதலாளி அதை மனதில் குறித்து வைத்துக்கொண்டார்.

இருவரும் கடைத்தெருவில் இருந்த செல்லத்தம்பியின் மோட்டார் சாமான் கடைக்குப் போனார்கள். செல்லத்தம்பி இரண்டு வகை வயரை மேசையில் போட்டார். ஒன்று சிவப்பு, மேலே துணி பின்னி வார்னிஷ் பூசியது. மற்றது மொத்தமான கறுப்பு றப்பர். முதலாளி சிவப்பைக் கையில் எடுத்து, சாறன் கரையைப் பார்ப்பதுபோல் நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"நல்ல நெருக்கமாப் பின்னியிரிக்கான். ஒரு இழை பிசகல்ல. இதுதான் நல்லம்."

"துணி உப்புக் காத்தக் குடிக்கும் மாமா," என்றான் மக்கீன். "கடக்கரையில இது ஒரு மாரி தாங்கா. கறுப்ப எடுங்க."

"ஓம் முதலாளி, மக்கீன் சொல்றதுதான் சரி," என்றார் செல்லத்தம்பி.

முதலாளிக்கு மூக்கில் வியர்த்தது. சிவப்புத்தான் விலை கூட. விலை கூடியதை வாங்காதே என்று ஒருவன் சொல்ல, கடைக்காரனும் தலையாட்டுகிறானென்றால் இரண்டு பேருக்கும் இடையில் ஏதோ இருக்கிறது. கத்தி வாங்கி இரண்டிலும் நுனியைச் சீவினார். உள்ளே இருந்த செம்பு இழைகளைப் பிரித்து எண்ணினார். கறுப்பில் இழை அதிகம். வேறு குற்றம் ஒன்றும் கிடைக்காததால் கறுப்பையே எடுத்தார். செல்லத்தம்பி அளவாக வெட்டி, முனைகளில் பித்தளைப் பூண் போட்டுக் கொடுத்தார்.

கடைப் படியில் இறங்கும்போதே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. சிவப்பு வயரை எங்கே கண்டாலும் தன்னுடையது என்று சொல்லலாம். கறுப்புக்கு என்ன அடையாளம்? மக்கீனின் கராஜ் சுவரில் பழைய கறுப்பு வயர்கள் கொத்தாகத் தொங்குவதை அவரே கண்டிருக்கிறார். நல்லதைக் கழற்றி அதில் ஒன்றை மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் கறுப்பு, கறுப்பு என்றானோ?

"வயர் என்னட்ட இரிக்கட்டும். நாளைக்குக் கொண்டாறன்," என்றார். மக்கீன் ஓம் என்றான். உடனே ஓம் என்றதும் முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, தறியடியில் இருந்த கஞ்சி போட்ட பாவு நூலில் நாலு துண்டு எடுத்தார். ஒவ்வொரு வயரிலும் பித்தளைப் பூணின் கழுத்தில் இறுக்கிக் கட்டினார். நெசவுக்காரன் முடிச்சு, வேறு யாராவது அவிழ்த்தால் அதேபோல் திரும்பப் போட வராது. வாலை நாலு விரல் நீளத்துக்கு விட்டார். பிறகு சபூறாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்த வயரில அவன் கை வைக்கல்லண்டா நல்ல பொடியன்தான். கார் ஒழுங்கா ஓடட்டும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்ச கையோட வாக்குக் குடுக்கிறன்."

"கலியாணப் பேச்சுக்கும் கார் வயருக்கும் என்ன இரிக்கி?" என்றாள் சபூறா.

அறைக்குள் தறியில் இருந்த ஹாஜறாவின் கை சற்று நின்றது. பிறகு வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. அவளுக்கு இந்தப் பேச்சில் விருப்பம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் மக்கீன் வயரைப் பூட்டினான். பூட்டும்போது நூலைப் பார்த்தான், முதலாளியின் முகத்தைப் பார்த்தான், பொனட்டை மூடினான். கார் கும்மென்று ஓடியது. முதலாளி வீடுவரை சந்தோசமாக வந்தார்.

அடுத்த நாள் விடியல் வெள்ளாப்பில் கார் சந்தியைத் தாண்டவில்லை. இருமி, குலுங்கி, நின்றுவிட்டது. வெயில் ஏறிப் பத்து மணிக்குக் கைப்பிடியைச் சுழற்றினால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அங்கே ஒரு பிழையும் இல்லை. மறுநாளும் அதே கதை. என் வீட்டில் சாகிறது, இவன் கராஜில் உயிர் வருகிறது, இது என்ன மாயம்? பொனட்டைத் திறந்து நூலைப் பார்த்தார். நாலு முடிச்சும் போட்டபடியே இருந்தன.

"நூல் அப்பிடியே இரிக்கெண்டா மாத்தல்லதானே?" என்றாள் சபூறா.

"நூல அவிழ்க்காமலே மாத்தியிரிக்கான் எண்டா, எப்பிடிப்பட்ட கள்ளன் எண்டு யோசிச்சுப் பாரு!"

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரியநீலாவணைப் பக்கம் போக வெளிக்கிட்டவர் பாதி வழியில் நின்றார். அன்று அவருக்குப் பொறுமை போய்விட்டது. வழியில் வந்த மாட்டு வண்டியில் கயிற்றைக் கட்டி, காரை அப்படியே கல்முனைக்கு இழுப்பித்தார். மாடு இழுக்க ஸ்போர்ட்ஸ் கார் போவதைத் தெருவே நின்று பார்த்தது. கராஜ் வாசலில் இறங்கியதும் அத்தனை சனத்துக்கும் கேட்கக் கத்தினார்.

"கள்ளன்! என்ட நல்ல வயர எங்கடா வித்தாய்? ஒன்னையா நான் என்ட வளவுக்குள்ள கொண்டுவந்து வைக்கிற?"

மக்கீனின் முகம் கறுத்தது. காரை உள்ளே தள்ளினான். கராஜின் உள்பக்கம் இருட்டு. பொனட்டைத் திறந்துவிட்டு முன்னால் கைப்பிடியைச் சுழற்றினான். என்ஜின் இருமியபடி ஓடியது.

"எட்டிப் பாருங்க."

முதலாளி குனிந்தார். நாலு நூலும் இரவுப் பனியில் நனைந்து தொங்கின. பித்தளைப் பூணிலிருந்து நீலப் பொறி ஒன்று நூல் வழியாக ஊர்ந்து இறங்கி, என்ஜின் இரும்பில் படபடவென்று பாய்ந்துகொண்டிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு அவர் கட்டிய நூலில் இறங்கிப் போனது.

"கஞ்சி நூல். பனியையும் கடல் உப்பையும் குடிக்கும். வெயில் ஏறினாக் காஞ்சி போகும், கார் ஓடும்," என்றான் மக்கீன். என்ஜினை நிறுத்திவிட்டு ஒரு கத்தரிக்கோலை நீட்டினான். "நீங்களே வெட்டுங்க. நான் தொட மாட்டன்."

முதலாளி வெட்டினார். மக்கீன் மறுபடி சுழற்றினான். கார் ஒரே சீராக ஓடியது. வாசலில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

"ஒனக்கு இது எப்ப தெரியும்?"

"ரெண்டாம் நாளே."

"மறுகா ஏன்டா சொல்லல்ல?"

"நூல அவிழ்க்கணும் எண்டு நான் சொல்லியிருந்தா என்ன நினைச்சிருப்பீங்க?"

என்ன நினைத்திருப்பார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவனிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

"மகன், நான் பிழைதான். நாளைக்கு ஜும்ஆ முடிய நானே ஒங்கட வீட்ட வாறன், ஒன்ட உம்மாட்ட..."

"வராதீங்க முதலாளி." மக்கீன் கையைத் துணியில் துடைத்தான். "நீங்களாவே நூல அவிழ்ப்பீங்க எண்டுதான் ரெண்டு நாளும் பார்த்துக்கொண்டிருந்தன். நாளைக்கு ஒங்கட வீட்டுல வந்து இருந்தா, நான் போற வாற வழியெல்லாம் நூல் கட்டுவீங்க. ஹாஜறா நல்ல புள்ளதான். ஆனா என்னால ஏலா."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் முதலாளி ஏதாவது பேசியிருப்பார். மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டவன் முதலாளி என்று சொல்லிவிட்டு, அடுத்த லொறியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போகும் வழியில் கார் எங்கேயாவது நின்றுவிடாதா என்று முதலாளிக்கு இருந்தது. அது நிற்கவில்லை. மருதமுனைச் சந்தியை அழகாகத் திரும்பி, தெருவெல்லாம் கேட்க உறுமிக்கொண்டு வந்தது. இத்தனை நாளில் அது இவ்வளவு நன்றாக ஓடியதேயில்லை.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஹாஜறா தறியை விட்டு எழுந்து கதவடிக்கு ஓடிவந்தாள். கார் ஒழுங்காக ஓடினால் வெள்ளிக்கிழமை வாக்கு என்று வாப்பா தன் வாயால் சொன்னதை அவள் கேட்டிருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சிரிப்பை மறைக்க முடியவில்லை.

"கார் சரியாகிட்டா வாப்பா?"

"ஓம் புள்ள," என்றார் மீராமுகைதீன். "சரியாகிட்டு."