மண்டோர் ஏற்றிய பேட்டரி

கலாதேவியின் காரில் ஆல்டர்நேட்டர் செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு மாதமும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவந்தது அவள் கணவர் உடையப்பனின் வசவு. இதைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று பேட்டரிகள் மாறின, இரண்டு பட்டறைக்காரர்கள் கையை விரித்தார்கள், கலாதேவிக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

உடையப்பன் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும்போது அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் எழுந்து பல் துலக்கினார்கள். பிறகு தோட்டம் அழிந்து வீடமைப்புத் திட்டம் வந்தது. மரங்கள் போயின, ஆட்கள் போனார்கள், வாய் மட்டும் போகவில்லை. அது காரின் முன்சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. சிறுநீரகம் இரண்டும் பழுதானபின் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸுக்காக ஈப்போ போகவேண்டும். ஓட்டுவது கலாதேவி. சிக்னல் எங்கே, அந்த லாரிக்காரனுக்குக் கண்ணு பிடரியிலயா, மூணாவது கியர்லயே குடித்தனம் நடத்தப்போறியா என்று ஊர் போய்ச் சேரும்வரை அவர் வாய் ஓயாது. முப்பத்தாறு வருடமாக அந்த வாய் அடங்கவேண்டும் என்று அவள் முனியாண்டிக்கு உடைத்த தேங்காயை எல்லாம் பிழிந்திருந்தால் ஒரு ஊருக்கே கறி வைத்திருக்கலாம்.

போகும்போது கார் சொன்னபடி கேட்கும். திரும்பும்போதுதான் தகராறு. நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு துவண்டு வந்து உட்காரும் உடையப்பன் வாயைத் திறக்கமாட்டார். வழியில் தாசேக் நெருங்கும்போது டாஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும், கார் நின்றுவிடும். ஒரு வியாழக்கிழமை உச்சி வெயிலில் இழுவை லாரிக்குக் காத்திருந்ததில் அவர் மயங்கிச் சரிந்தார். கலாதேவி முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். இன்னொரு தடவை இப்படி நின்றால் மனுஷன் தாங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

செமோரில் பட்டறை வைத்திருக்கும் மகேந்திரன்தான் பேட்டரியை மாற்றச் சொல்லாமல் முதலில் மீட்டரை எடுத்தவன். உடையப்பன் பக்கத்தில் நின்று நொட்டை சொல்லிக்கொண்டிருக்க, எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரியில் முள்ளை வைத்தான். பதினான்கு புள்ளி இரண்டு வோல்ட். ஒரு குறையும் இல்லை என்றான். பார்த்துச் சலித்த உடையப்பன், எதிரே அப்துல் ரசாக்கின் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். மீட்டர் பதினொன்று புள்ளி ஒன்பதுக்கு இறங்கியது. அவர் திரும்பி வந்து, ஜப்பான் சிலிப்பரோடு பட்டறையில் நிற்கிறவன் உருப்படுவானா என்று தொடங்கியதும் பதினான்கு புள்ளி நான்கு. மகேந்திரன் ஆல்டர்நேட்டரின் தடித்த வயரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தான். திட்டும் குறையவில்லை, வோல்ட்டும் குறையவில்லை. ஆல்டர்நேட்டரைப் பிரித்தால் உள்ளே கார்பன் தேய்ந்து ஒன்றுமே மிச்சமில்லை.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது செத்து ஒரு வருஷம் இருக்கும். கரண்டு அண்ணே வாயிலேருந்து வருது லா” என்றான்.

கலாதேவி ஆச்சரியப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது. புதிய ஆல்டர்நேட்டரை மாட்டச் சொன்னாள். மாட்டிய அன்றே, ஒரு மோட்டார்சைக்கிள் குறுக்கே வந்ததற்கு உடையப்பன் போட்ட கூச்சலில் வோல்ட் பதினேழைத் தொட்டு இரண்டு முன்விளக்கும் வெடித்தன. பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஒன்று ஆல்டர்நேட்டர் இருக்கணும், இல்லாட்டி அண்ணே இருக்கணும், இரண்டும் ஒரு காரில் ஆகாது என்று மகேந்திரன் தீர்த்துச் சொன்னான். கலாதேவி யோசிக்கக்கூட இல்லை. இனி காரில் மூச்சுவிடக் கூடாது என்று கணவருக்குச் சொல்லிவிட்டாள்.

அவர் வாயை மூடினார். காரிலும் மூடினார், வீட்டிலும் மூடினார். முதல் வாரம் அவள் ரேடியோ கேட்டுக்கொண்டு ராணி மாதிரி ஓட்டினாள். இரண்டாம் வாரம் அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. மூன்றாம் வாரம் டயாலிசிஸ் நர்ஸ், காரணமே இல்லாமல் பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் காரில் ஏறவில்லை. “எதுக்குடி போய்க்கிட்டு” என்றார். அந்தக் குரலில் ஒரு டார்ச் லைட்டுக்குக்கூடக் கரண்டு இல்லை. கலாதேவி அவரைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிக்கொண்டு, நேரே பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“கழட்டு.”

“அக்கா, புதுசு லா!”

“கழட்டுடாங்குறேன்!”

மகேந்திரன் பழைய பிணத்தையே திரும்ப மாட்டினான். பெல்ட் சுற்ற அது போதும். சிகரெட் பற்றவைக்கும் துளையில் ஒரு சின்ன மீட்டரையும் சொருகிவிட்டான். அன்று டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது உடையப்பன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தாசேக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் உதறத் தொடங்கியது. கலாதேவி சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “எங்கப்பா சொல்வாரு, மண்டோர்னா அந்தப் பிச்சைமுத்துதான் மண்டோர்னு” என்றாள். பிச்சைமுத்து அதே தோட்டத்தின் இன்னொரு பிரிவுக்கு மண்டோராக இருந்து, ஒன்பது வருடத்துக்கு முன் செத்துப்போனவர்.

உடையப்பனின் ஒரு கண் திறந்தது.

“எவன்? பெரட்டு முடிஞ்சப்பறம் லுங்கியோட வருவானே, அவனா? ஒங்கப்பாவுக்கு மரம் சீவவே தெரியாது, மண்டோரைப் பத்தி என்னாடி தெரியும்?”

சிவப்பு விளக்கு அணைந்தது. கார் வீடு வந்து சேர்ந்தது.

அதன்பின் வாரம் மூன்று நாளும் பிச்சைமுத்துதான் அவர்களை வீட்டில் கொண்டுவந்து விடுகிறார். கலாதேவி ஒரு வெள்ளிக்கிழமை உடையப்பனையும் ஏற்றிக்கொண்டு முனியாண்டி கோயிலுக்குப் போனாள். முப்பத்தாறு வருடமாகக் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், இனி அந்த வாய்ப் பக்கம் பார்க்கவேண்டாம் என்று கறாராகச் சொல்லி ஒரு தேங்காய் உடைத்தாள். முற்றாத காயைச் சாமிக்கு உடைப்பாளா ஒருத்தி என்று அவர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். மீட்டர் பதினான்கு புள்ளி நான்கில் நின்றது.